அவள் அம்மா லாயத்துக்கு வந்த நாள்

என் பேத்தி குதிரையேற்றப் போட்டிகளுக்குப் போகிறாள் என்றால், காலையில் என்னோடு பூங்காவைச் சுற்றும் நண்பர்கள் நால்வரும் நான்கு விதமாகச் சிரிப்பார்கள். மாப்பிள்ளை தேடி அலைய வேண்டாம், அவளே குதிரையில் போய்த் தூக்கிக்கொண்டு வந்துவிடுவாள் என்பார் ஒருவர். இன்னொருவர் சனிக்கிழமை ரேஸில் எந்தக் குதிரை வரும் என்று கேட்டுச் சொல்லச் சொல்வார். முதலில் நானும் விளக்கிக்கொண்டிருந்தேன், இது ரேஸ் இல்லை, தடை தாண்டுவது என்று. இப்போது யாராவது கேட்டால் "நன்னாப் போயிண்டிருக்கு" என்று சொல்லிவிட்டு நடையை எட்டிப் போடுகிறேன். நன்றாகத்தான் போய்க்கொண்டிருக்கிறது. அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

அபிராமபுரத்து வீட்டில் நாங்கள் மூன்று பேர்: நான், என் மகள், மகளின் ஒரே பெண். மாப்பிள்ளைக்குக் கப்பலில் வேலை. வருஷத்தில் பாதி நாள் ஏதாவது ஒரு கடலில் இருப்பார். பேத்திக்குப் பதினொரு வயதானபோது, கோடை விடுமுறையில் நீச்சல் வகுப்பில் இடம் கிடைக்காமல், சைதாப்பேட்டைப் பாலம் தாண்டி இருந்த குதிரையேற்றப் பள்ளி ஒன்றில் இரண்டு வாரத்துக்குச் சேர்த்தோம். கொஞ்சம் வெயிலும் காற்றும் படட்டும் என்பதற்கு மேல் யாருக்கும் எந்த எண்ணமும் இருக்கவில்லை. இரண்டு வாரம் ஆறு வருஷம் ஆகிவிட்டது.

அழைத்துப்போவது என் வேலை. விடியுமுன் ஆட்டோ பிடிப்போம். மைதானத்தின் ஓரத்தில் சிமென்ட் பெஞ்சுகள் உண்டு. அதில் உட்கார்ந்து நான் கவலைப்படுவேன். கொசு, நாய், குதிரையின் பின்னங்கால், சாணத்தில் இருக்கும் கிருமி என்று கவலைக்குப் பஞ்சமில்லை. கவலையை அடக்க எதையாவது எண்ணுவது என் சுபாவம். வேலையில் இருந்த காலத்திலேயே அப்படித்தான். லாயத்தில் ஒன்பது குதிரைகள். வேலியில் எத்தனை கட்டை, எந்தக் கட்டையில் ஆணி நீட்டிக்கொண்டிருக்கிறது என்பதெல்லாம் எனக்கு மனப்பாடம்.

ஒன்பதில் ஒன்று அவளுக்கு வாய்த்தது. பழுப்பு நிறம், இடது காதில் சின்ன வெட்டு. ரேஸில் ஓடி ஓய்ந்த குதிரை. ஓட்டம் முடிந்ததும் அவற்றில் அதிர்ஷ்டம் உள்ளவை இப்படி ஏதாவது ஒரு பள்ளிக்கு வந்து சேருமாம். அதற்கு எதைக் கண்டாலும் தின்ன வேண்டும். ஒரு நாள் நான் படித்துக்கொண்டிருந்த செய்தித்தாளில் மூன்றாம் பக்கத்தை வேலிக்கு மேலாகத் தலையை நீட்டிக் கிழித்துத் தின்றுவிட்டது. பேத்தி சிரித்துச் சிரித்து மண்ணில் உட்கார்ந்துவிட்டாள். "தாத்தா, அதுக்கும் நியூஸ் தெரியணுமில்லையா" என்றாள்.

தரையில் போட்ட கட்டைகளைக் குதிரை மேல் உட்கார்ந்து கடப்பதில் ஆரம்பித்தாள். அப்புறம் முழங்கால் உயரம், இடுப்பு உயரம். பன்னிரண்டு வயதில் முதல் போட்டி. அந்த விளையாட்டின் கணக்கு எனக்குப் பிடித்துப்போனது. ஒரு கட்டையைத் தட்டிவிட்டால் நாலு. குதிரை தாண்ட மறுத்தால் நாலு. நேரம் தாண்டினால் அதற்கும் உண்டு. எல்லாம் சரியாகச் செய்தவருக்குப் பூஜ்யம். பூஜ்யம் வாங்கினதற்குக் கைதட்டுவதை நான் வேறெங்கும் பார்த்ததில்லை. போட்டி ஆரம்பிக்குமுன் குதிரை இல்லாமல் நடந்தே தடைகளைச் சுற்றி வருவார்கள். மனிதன் நாலு எட்டு வைத்தால் குதிரைக்கு ஒரு பாய்ச்சல். இந்தத் தடைக்கும் அடுத்த தடைக்கும் நடுவே எத்தனை பாய்ச்சல் என்று நடந்து அளப்பார்கள். அவள் உதடு அசைய எண்ணிக்கொண்டு நடப்பாள். நான் பெஞ்சிலிருந்து எண்ணுவேன். இரண்டு கணக்கும் ஒத்துப்போனால்தான் எனக்கு மூச்சே வரும்.

பதின்மூன்று வயதில் விழுந்தாள். பயிற்சியின்போதுதான், சின்னத் தடைதான். காறை எலும்பு முறிந்தது. ஆஸ்பத்திரியில் என் மகள் அழவில்லை. கட்டுப் போட்டு முடியும்வரை சுவரில் சாய்ந்து நின்றிருந்தாள். வெளியே வந்ததும், இனி அந்தப் பக்கம் தலைவைத்துப் படுக்கக் கூடாது என்றாள். மூன்று மாதம் கழித்துக் கப்பலிலிருந்து மாப்பிள்ளை போனில் கெஞ்சினார். பெண் சாப்பிடாமல் கெஞ்சினாள். நான் எந்தப் பக்கமும் பேசவில்லை. கடைசியில் என் மகள் சொன்னாள்: "போ. ஆனா எங்கிட்ட வந்து எதையும் சொல்லாதே. நான் வந்து பார்க்க மாட்டேன்."

சொன்னபடியே இருந்தாள். அவளுக்குக் கார் ஓட்டத் தெரியும், வாசலில் கார் நிற்கும், ஆனாலும் குதிரைக்காக அதை எடுக்க மாட்டாள். நாங்கள் ஆட்டோவில்தான் போனோம். பேத்தி போட்டியில் பரிசு ரிப்பன் வாங்கி வந்தால் பள்ளிக்கூடப் பையிலேயே வைத்துக்கொள்வாள். சாப்பாட்டு நேரத்தில் பரீட்சை, ட்யூஷன், மாவு அரைப்பது பற்றியெல்லாம் பேச்சு உண்டு. இது மட்டும் கிடையாது. ஆனால் சவாரி உடுப்பை மெஷினில் போடாமல் தனி பக்கெட்டில் ஊறவைத்துக் கையால் கசக்கி உலர்த்தினது என் மகள்தான். ஒரு நாள்கூட அது ஈரமாக இருந்ததில்லை.

பேத்தி பதினாறு முடித்த வருஷம் அந்தப் பழுப்புக் குதிரையில் ஒரு மீட்டர் உயரம் தாண்டிக்கொண்டிருந்தாள். தென்னிந்தியத் தேர்வுப் போட்டி வந்தது. முதல் மூன்று இடத்தில் வந்தால் வடக்கே தேசியப் போட்டிக்குப் போகலாம். பயிற்சியாளர் இவளுக்கு இடம் நிச்சயம் என்று என்னிடமே சொன்னார். அந்த வாரம் ஆட்டோவில் திரும்பி வரும்போது, பாலத்தின் மேல் நெரிசலில் நின்றிருந்தோம், பேத்தி கீழே ஆற்றைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்:

"அம்மா ஒரே ஒரு தடவை வரணும் தாத்தா. ஜெயிக்கறதைப் பார்க்க வேண்டாம். சும்மா அதைத் தொட்டுப் பார்த்தாப் போறும்."

நான் அதை என் மகளிடம் சொன்னேன். அவள் வெண்டைக்காய் நறுக்கிக்கொண்டிருந்தாள். மீதியையும் நறுக்கி முடித்தாள். இரண்டு நாள் கழித்துப் பார்க்கிறேன், அடுப்படியில் நின்று போனில் ஏதோ வீடியோ பார்த்துக்கொண்டிருந்தாள். குளம்புச் சத்தம் கேட்டது. முடிந்ததும் மறுபடியும் முதலிலிருந்து போட்டாள். நான் இருமினதும் அணைத்துவிட்டாள்.

போட்டி ஞாயிற்றுக்கிழமை. வெள்ளிக்கிழமை காலையில் கடலைப் பருப்பு வேகும் வாசனை வந்தது.

எங்கள் வீட்டில் பரீட்சைக்கு முன் ஹயக்ரீவரைச் சேவிப்பது வழக்கம். குதிரை முகம் கொண்ட பெருமாள், கல்விக்கு அதிபதி. கடலைப் பருப்பை வேகவைத்து வெல்லமும் தேங்காயும் நெய்யும் ஏலக்காயும் சேர்த்துக் கிளறி அவர் முன் வைத்துக் கண்டருளப் பண்ணுவாள் என் மகள். பேத்தி ஒன்றாம் வகுப்பில் சேர்ந்ததிலிருந்து ஒரு பரீட்சைக்கும் அது தவறினதில்லை. ஆனால் அன்று பரீட்சை எதுவும் இல்லை. பண்ணினதும் கொஞ்சமாக இல்லை. பெரிய எவர்சில்வர் தூக்கு நிறைய இருந்தது. பயிற்சியாளருக்கும் மற்றப் பிள்ளைகளுக்கும் என்று நினைத்தேன். சாயங்காலம் பேத்தி பள்ளிக்கூடத்திலிருந்து நேரே லாயத்துக்குப் போய்விட்டாள். என் மகள் புடவை மாற்றிக்கொண்டு வந்து, வாங்கோப்பா, போகலாம் என்றாள். தூக்கு சாயாமல் பிடித்துக்கொள்ள வேண்டும் என்று ஆட்டோவில் போனோம். மடியில் தூக்கு. வழியில்தான் சொன்னாள், அது குதிரைக்கு என்று.

"குதிரைக்கு இதெல்லாம் ஆகுமா?" என்றேன்.

"கொள்ளும் கடலையும்தானே போடறா? அதே கடலைதான். பெருமாளே ஏத்துண்டதை அது வேண்டாம்ங்குமா?"

கேட்டபோது எனக்கும் அது சரியாகத்தான் பட்டது.

பேத்தி குதிரைக்கு பிரஷ் போட்டுக்கொண்டிருந்தாள். ஆட்டோவிலிருந்து இறங்குவது யார் என்று பார்த்தவள் பிரஷ்ஷைக் கையில் பிடித்தபடி அப்படியே நின்றாள். ஓடி வரவில்லை. நகர்ந்தால் அம்மா மறைந்துவிடுவாள் என்பது போல நின்றாள். என் மகள் கிட்டே போனாள். விரல்களின் பின்புறத்தால் குதிரையின் மூக்கைத் தொட்டாள். "எவ்வளவு சூடா இருக்கு" என்றாள். குதிரை அவள் தோளை முகர்ந்தது. அவள் பின்வாங்கவில்லை. பேத்தியின் முகத்தை நான் அப்போது பார்த்தேன். ஐந்து வருஷத்தில் எந்த ரிப்பனுக்கும் அந்த முகம் வந்ததில்லை.

பிறகு என் மகள் தூக்கைத் திறந்தாள்.

வெளியிலிருந்து கொண்டுவரும் எதையும் குதிரைக்குக் கொடுக்கக் கூடாது. அது அந்தப் பள்ளியின் சட்டம். என் மகளுக்கும் எனக்கும் அது தெரியாது. பேத்திக்குத் தெரியும். சேர்ந்த முதல் நாளே சொல்லித்தந்தார்களாம். குதிரையைப் பார்த்துக்கொள்பவர் டீ குடிக்கப் போயிருந்தார். பேத்தி தூக்கைப் பார்த்தாள், அம்மாவைப் பார்த்தாள். அப்புறம் உள்ளங்கையில் எடுத்து நீட்டினாள். செய்தித்தாளையே தின்கிற குதிரை அது. தூக்கு காலியானதும் அடியை நக்கியது. அம்மாவும் பெண்ணும் சேர்ந்து சிரித்தார்கள்.

குதிரைக்காரர் திரும்பி வந்து குதிரையின் வாயில் நெய்யைப் பார்த்தார்.

"இன்னா பாப்பா குட்த்தே?"

சொன்னாள். அவர் தூக்கை வாங்கி முகர்ந்து பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தார். "கோச்சாண்ட இப்பவே சொல்லிடு பாப்பா. நான் டீக்குப் போய்க்கினு இருந்தேன்னு மட்டும் சொல்லாத, வேலை போய்டும்" என்றார். அவள் அங்கேயே நின்று பயிற்சியாளருக்குப் போன் பண்ணினாள். மறுமுனையில் அவர் கத்தினது எனக்குக் கேட்டது.

இருட்டுமுன்பே ஆரம்பித்துவிட்டது. குதிரை முன்னங்காலால் தரையைக் கிளறியது, திரும்பித் திரும்பித் தன் வயிற்றையே பார்த்தது, படுத்தது, எழுந்தது, மறுபடி படுத்துப் புரண்டது. டாக்டர் வந்து மூக்கு வழியாகக் குழாய் விட்டார். பருப்பு உள்ளே ஊதும், வெல்லத்தோடு சேர்ந்து புளிக்கும், வாயு கட்டும். குதிரைக்கு வாந்தி எடுக்க வராது. இதெல்லாம் அவர் சொல்லித்தான் எனக்குத் தெரியும். புரளவிடாமல் நடத்திக்கொண்டே இருக்கச் சொன்னார். குதிரைக்காரரும் பேத்தியும் மாற்றி மாற்றி நடத்தினார்கள். என்னை வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். என் மகள் வரமாட்டேன் என்று பெஞ்சிலேயே உட்கார்ந்துவிட்டாள்.

விடிந்து நான் போனபோது தார்ப்பாய் போட்டு மூடியிருந்தார்கள். ஒரு கால் மட்டும் வெளியே தெரிந்தது. பேத்தி அதன் பக்கத்தில் மண்ணில் உட்கார்ந்திருந்தாள். என் மகள் காலி தூக்கோடு பெஞ்சில். இருவருக்கும் நடுவே முப்பது அடி இருக்கும். டாக்டர் கை கழுவிக்கொண்டே என்னிடம் சொன்னார், வயதான குதிரை, வெயில் காலம், தண்ணீர் குறைவாகக் குடித்திருக்கலாம், இதனால்தான் என்று உறுதியாகச் சொல்ல முடியாது என்று. நல்ல மனிதர். ஆனால் யாரும் அதைக் காதில் வாங்கவில்லை.

என் மகள் எழுந்து வந்தாள். "நான்தான்டீ குடுத்தேன்" என்றாள்.

"நீ தூக்கைத்தான் குடுத்தே. ஊட்டினது நான்."

"நான் கொண்டு வரலைன்னா..."

"உனக்குத் தெரியாதும்மா. எனக்குத் தெரியும்."

குரலில் கோபமே இல்லை. பரீட்சையில் பதில் எழுதுவது போலச் சொன்னாள். அதற்கு மேல் இருவரும் இன்றுவரை அதைப் பற்றிப் பேசினதில்லை. வீட்டுக்கு வந்தபின் நான் ஒரு தடவை பேத்தியிடம் கேட்டேன், தெரிந்தும் ஏன் கொடுத்தாய் என்று. "அம்மா முதல் தடவையா வந்திருந்தா தாத்தா" என்றாள்.

அந்த ஞாயிற்றுக்கிழமை அவள் போட்டிக்குப் போகவில்லை. வேறு குதிரை தருகிறேன் என்று பயிற்சியாளர் சொன்னதற்கு வேண்டாம் என்றாள். இனி எல்லாம் முடிந்தது என்று நினைத்தேன். ஒருவகையில் அப்படியே முடிந்திருக்கலாம். இரண்டு வாரம் கழித்து ஒரு விடிகாலையில் சவாரிக் காலணியை மாட்டிக்கொண்டு வந்து என் கட்டிலருகே நின்றாள். வாசலில் என் மகள் காரைக் கிளப்பி வைத்திருந்தாள்.

இப்போது அவளுக்கு ஒரு வெள்ளைப் பெண்குதிரை. வயதில் சின்னது, காலில் வேகம். ஒரு மீட்டர் பத்து சென்டிமீட்டர் தாண்டுகிறாள். நாலு போட்டிக்குப் போனாள், மூன்றில் பூஜ்யம். முன்பெல்லாம் தடையை நெருங்கும்போது குதிரையிடம் ஏதாவது முணுமுணுப்பாள். முடித்ததும் கழுத்தைக் கட்டிக்கொள்வாள். இப்போது முடித்ததும் இறங்குகிறாள், கழுத்தில் இரண்டு தட்டு தட்டுகிறாள், கடிவாளத்தைக் குதிரைக்காரர் கையில் கொடுத்துவிட்டு நேரே வந்துவிடுகிறாள். அதற்கு என்ன பிடிக்கும், எந்தப் பக்கம் தூங்கும், எதுவும் அவளுக்குத் தெரியாது. "இப்பத்தான் சார் இவ நிஜ ரைடர்" என்று பயிற்சியாளர் என் தோளைத் தட்டினார். அவருக்குச் சந்தோஷம். நான் பெஞ்சில் உட்கார்ந்து பாய்ச்சல்களை எண்ணுகிறேன். கணக்கு ஒவ்வொரு முறையும் சரியாக இருக்கிறது. எனக்கு மூச்சு வருவதில்லை.

என் மகள் தினமும் கார் ஓட்டிக்கொண்டு வருகிறாள். கேட்டுக்கு வெளியே தூங்குமூஞ்சி மரத்தடியில் நிறுத்திக் கண்ணாடியை ஏற்றிவிட்டு உள்ளேயே உட்கார்ந்திருப்பாள். கேட்டைத் தாண்டி வந்ததில்லை. பெண் தன்னை மன்னிக்கவில்லை என்பது அவள் எண்ணம். அது இல்லை என்று நான் சொல்லிவிட்டேன். நம்பவில்லை. சொன்னால் நம்புகிற விஷயமும் இல்லை.

போன மாதம் மறுபடியும் தேர்வுப் போட்டி. அதற்கு முந்தின நாள் நான் பேத்தியிடம் கேட்டேன், அம்மாவை உள்ளே அழைத்துவரட்டுமா என்று. அவள் தலைக்கவசத்தின் வாரைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

"வேண்டாம் தாத்தா. அம்மா ஏதாவது சொன்னா எனக்கு மாட்டேன்னு சொல்ல வராது. இந்தக் குதிரையாவது இருக்கட்டும்."

இதை என் மகளிடம் எப்படிச் சொல்வது. சொல்லவில்லை.

பதினொரு தடை. ஒரு கட்டைகூட ஆடவில்லை. இரண்டாம் இடம். வடக்கே போவது உறுதியாகிவிட்டது. பயிற்சிக்காகப் போட்டிக்கு இரண்டு மாதம் முன்பே கிளம்பி அங்கே விடுதியில் தங்க வேண்டுமாம். அதன் பிறகு அங்கேயே கல்லூரி என்றும் பேச்சு இருக்கிறது. சான்றிதழை என்னிடம் கொடுத்துவிட்டு வேலியைப் பிடித்துக்கொண்டு குனிந்து நின்றாள். வயிற்றைப் புரட்டுகிறது என்றாள். எலுமிச்சம்பழ ஜூஸ் வாங்கி வந்தேன். தலையை ஆட்டி மறுத்துவிட்டாள், தண்ணீர்கூட வேண்டாம் என்றாள். கேட்டுவரை மெள்ள நடந்து வந்தோம்.

என் மகள் கண்ணாடியை இறக்கினாள். பெண்ணிடம் கேட்காமல் என்னிடம் கேட்டாள்.

"விழலையே?"

விழவில்லை, இரண்டாம் இடம், வடக்கே போகிறாள் என்றேன். சரி என்று தலையை ஆட்டினாள். மேலே இருந்த சின்னக் கண்ணாடி வழியாகப் பின் சீட்டைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். முன் சீட் காலியாக இருந்தும் பேத்தி என்னோடு பின்னால்தான் உட்கார்ந்தாள். கார் கொஞ்ச தூரம் போனதும் சிக்னலில் நின்றது. என் மகள் பக்கத்து சீட்டிலிருந்த பையிலிருந்து பாட்டிலை எடுத்துத் திரும்பாமலே பின்னால் நீட்டினாள்.

"மோர் கொண்டு வந்திருக்கேன். குடிக்கறியா?"

பேத்தியின் கை உடனே நீண்டது. வாயில் வைத்தவள் எடுக்கவே இல்லை. நடுவில் ஒரு முறை கண்ணை மூடிக்கொண்டாள், தொண்டை நின்றது, மறுபடி விழுங்கினாள். கடைசிச் சொட்டுவரை குடித்தாள். நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். மறுபடி பார்த்தபோது சின்னக் கண்ணாடியில் என் மகளின் முகம் ரொம்ப நாளைக்குப் பிறகு கொஞ்சம் இளகியிருந்தது. சிக்னல் விழுந்து பின்னால் ஹாரன் அடித்தார்கள்.

"இன்னொரு பாட்டில் இருக்கு. வேணுமா?"

"குடும்மா" என்றாள்.